கற்றாழைப் பூவுக்கு ஒரு பலகை

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் என் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதன் கண்ணாடிக் கூடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடுபவர் யாழ்ப்பாணத்துக்காரர். உள்ளே எவ்வளவு புழுங்கினாலும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார். ஆப்பிரிக்கக் காட்டுக் கற்றாழையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பூவைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.

"இதைச் சாப்பிடலாமா அண்ணே?"

"ஓம் பிள்ளை. எல்லாக் கற்றாழையும் ஏலாது, இதின்ர பூவைச் சாப்பிடலாம். பேர்ப்பலகையில பூங்காக்காரரே ஜெர்மன்ல எழுதி வைச்சிருக்கினம்."

எனக்கும் ஒன்று தந்தார். முதலில் தேன், பிறகு லேசான கசப்பு. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் நானே போய், யாரையும் கேட்காமல் கிள்ள ஆரம்பித்தேன்.

இரண்டாவது வாரம் செடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு அட்டை நின்றது. 'தயவுசெய்து பூவைப் பிடுங்காதேங்கோ' என்று தமிழில் மட்டும் எழுதியிருந்தது. அந்தக் கூடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இதை யாரு அண்ணே எழுதினது?"

வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நிர்வாகமா இருக்கும் பிள்ளை," என்றார்.

நிர்வாகத்துக்கு யாழ்ப்பாணத் தமிழ் இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.