பின்பக்கம் திறக்கிற புத்தகங்கள்

படக்கதைத் தொகுப்புகளுக்கு விமர்சனம் செய்வது படுத்துக்கொண்டே பார்க்கக்கூடிய வேலை என்று ஊரே நினைக்கிறது. உண்மைதான், ஆனால் படுத்திருப்பவரின் நெஞ்சில் ஒரு கிலோவுக்குமேல் கனம் இருக்கும். குண்டுப் புத்தகம் கைநழுவி மூக்கில் விழுந்து கண்ணில் தண்ணீர் வந்தவர்களே, நாமெல்லாம் ஒரே ஜாதி. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் அலுவலகம். பல பாகங்களை ஒரே அட்டைக்குள் அடைத்து வருகிற காமிக்ஸ், ஜப்பானிய மாங்கா தொகுப்புகளைப் பற்றி யூடியூபில் பேசுகிறேன். ஒரு மாத இதழிலும் எழுதுகிறேன்.

தூக்கத்தில் பெய்த மழை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஒரே தாளமாக வரும். அதற்கு ஏற்றபடி என் கண் கட்டம் கட்டமாக நகரும். எந்தக் கட்டம்வரை விழித்திருந்தேன், எதிலிருந்து தூங்கினேன் என்று எனக்கே தெரியாது. அப்படித்தான் மலையூர்க் கதை ஒன்றைப் படித்தேன். நாயகி மலையிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. அவள் ஓடவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். மேகம் அவள் தோள்வரை இறங்கி வருகிறது. நான் உருகிப்போனேன். இந்த ஒரு காட்சிக்காகவே புத்தகத்தை வாங்கலாம் என்று எழுதினேன்.

இதழ் வந்த வாரமே பதிப்பகத்திலிருந்து போன். பேசியவர் ரொம்பப் பணிவானவர். “மேடம், அந்த மழைக் காட்சி எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொன்னா, நாங்களும் பாத்துக்குவோம்.”

ராசிபுரம் பஸ்

மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குப் பின்னட்டை எதுவோ, அதுதான் அதற்கு முன்னட்டை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தொகுப்பைப் பின்பக்கமாகத் திறந்தேன். பக்கத்தில் மடியில் நெய்த் தூக்குப் போசியோடு ஒரு பெரியம்மா. நான் பக்கம் திருப்புவதையே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே மரவள்ளிக் காடும் உள்ளே பனி பெய்கிற ஜப்பான் ஊரும் மாறி மாறி ஓடின. சொக்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். அவசரமாக எழுந்தபோது அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார்: “கடைசியிலிருந்து படிச்சீன்னா எறங்கற எடமும் பின்னாலதாஞ் சாமி போகும்.”

மல்லசமுத்திரத்துப் போன்

விமர்சனம் முடிந்த புத்தகத்தை நேயர் யாருக்காவது அனுப்பிவிடுவது என் வழக்கம். வீட்டில் இடமில்லை என்பதுதான் காரணம், பெருந்தன்மை அல்ல. அப்படி ஒரு மாங்காத் தொகுப்பு மல்லசமுத்திரத்துப் பூங்கொடிக்குப் போனது. ஒரு வார்த்தைகூட இல்லாத, முழுக்கப் படமாகவே இருக்கிற கதை. கடலோரத்து வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். சேர்ந்து சாப்பிடுகிறார்கள், வளர்கிறார்கள். தம்பி படகேறுகிறான், அக்கா கரையில் நின்று அழுகிறாள். அப்புறம் புயல். கடைசிப் பக்கத்தில் வெறும் கடல் மட்டும். அதைப் படித்து அழுதேன் என்று வீடியோவில் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் பூங்கொடி போன் செய்தாள். “ஏனுங்கக்கா, எந்த எடத்துலீங்க அழுதீங்க? அந்தப் பையன் கடல்ல இருந்து பொழைச்சு ஊட்டுக்கு வந்து, அக்கா கையால சோறு திங்கறானே!”

பதில் இல்லாத கேள்வி

கட்டம் கட்டமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டபோதுதான் புரிந்தது. நாம் எல்லாப் புத்தகத்தையும் திறப்பது போல இடப்பக்கம் திறந்திருக்கிறாள். “இது கடைசிப் பக்கம், திருப்பிப் பிடிக்கவும்” என்று ஆங்கிலத்தில் போட்டிருந்த தாளை விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறாள். வெறும் கடலில் ஆரம்பித்து, புயலிலிருந்து ஒருவன் மேலே வருகிறான். படகு கரைக்கு வருகிறது. அக்கா சந்தோஷத்தில் அழுகிறாள். இருவரும் குழந்தைகளாகிப்போவதைக்கூட, பழசை நினைத்துப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். நான் படித்ததைவிட அது நல்ல கதை.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் கல்யாணப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு, போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறி மத்தியப் பிரதேசம் போனவன். இரண்டு வருஷமாக அக்காவின் போனை எடுப்பதில்லை. எழுத்தென்றால் ஓடுவான், படமென்றால் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பான். ரிக்குக்குப் பைப் ஏற்றிப் போகும் லாரி மறுநாள் கிளம்புகிறது, அதில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடப்போகிறாளாம். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், அப்படித் திறந்தால் தம்பி என்ன ஆகிறான் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. வாங்கலாம், வாங்க வேண்டாம் என்று வாரம் தவறாமல் தீர்ப்புச் சொல்கிறவளைப் பார்த்து அவள் கேட்டாள்: “அப்ப இதெ அவனுக்கு அனுப்பலாமுங்களா, வேண்டாமுங்களா?”

பசை

நான் இழுத்தேன். அவளே முடிவெடுத்தாள். தம்பி அந்த வழியாகத் திறக்காதபடி, மாங்காவின் முன்னட்டையான வலப்பக்க அட்டையையும் முதல் தாளையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டினாள். இடப்பக்க அட்டையில் தம்பி பெயரைப் பெரிதாக எழுதினாள். புத்தகம் பைப்புகளுக்கு நடுவே கிளம்பிப் போனது. அதன் பிறகு எந்தத் தொகுப்பைக் கையில் எடுத்தாலும் எனக்கு அந்த லாரிதான் தெரிந்தது. நெஞ்சின்மேல் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு, அது எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று யோசித்தபடியே மத்தியானங்கள் கழிந்தன. அவன் திறக்கவே மாட்டானோ என்றும் பயந்தேன், திறந்துவிடுவானோ என்றும் பயந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் பூங்கொடி கூப்பிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். தம்பி போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்: “அக்கா, நீ ஒட்டுனதப் பிச்சுட்டு அந்தப் பக்கமிருந்தும் படிச்சுட்டேன். அது நமக்கு வேண்டாம், நீ காட்டுன வழியே இருக்கட்டும். ஆடி நோம்பிக்கு வாரேன், சோறு ஆக்கி வெய்யி.”

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்று விமர்சகர்கள் நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே, புத்தகம் தன் பாட்டுக்கு ஒரு பைப் லாரியில் ஏறி வேலையை முடித்துவிடுகிறது.