குறையில்லாத பெட்டி செய்தவர்

ஜெபராஜ் அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது நான் மாடிப்படியில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பழனிச்சாமி ஐயா. மாடியில் எங்கள் குடும்பமும் கீழே அண்ணாச்சி குடும்பமும் அவர் வீட்டில்தான் வாடகைக்குக் குடியிருந்தோம். கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குத்தான் போன் வந்திருக்கிறது. ஆனால் அவர் அதை உடனே சொல்லவில்லை. "படிக்கறயா கண்ணு? படி, படி" என்றார். இரண்டு படி ஏறினார். நின்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி பொட்டி செய்யறத நிறுத்திப்போட்டாரு கண்ணு" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவரை நிறுத்தச் சொல்லித் தெருவே பல வருடங்களாகக் கெஞ்சியிருக்கிறது. உயிரோடு இருக்கிற வரையில் அவர் நிறுத்த மாட்டார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் நம் தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைத் துணி உறை விற்ற கடைக்காரர் என்றே நினைப்பதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அண்ணாச்சி டிவி கேம் பெட்டி செய்தவர். டிவியில் ஒயரைச் செருகி, கையில் ரிமோட் பிடித்து, கேசட் மாற்றி மாற்றி ஆடுவோமே, அந்தப் பெட்டி. உள்ளே இருக்கும் பலகை சென்னையிலிருந்தும் வெளிக்கூடு கோவையிலிருந்தும் வரும். இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்து, ஸ்க்ரூ முடுக்கி, 'ராக்கெட்' என்று பெயர் ஒட்டுவது பெருமாநல்லூர் சாலையில் இருந்த அவருடைய வீட்டு முன்னறையில் நடந்தது. ஒவ்வொரு பெட்டியையும் அவரே ஆடிப் பார்ப்பார். ஓர் ஆட்டமாவது ஜெயிக்காமல் பெட்டியை வெளியே விடமாட்டார். அவர் அவ்வளவு நன்றாக ஆடுகிறவர் இல்லை என்பதால் உற்பத்தி மெதுவாகவே இருந்தது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் தெருவுக்கே அவர் அண்ணாச்சி. அந்தப் பெயரால் அவருக்கு ஒரு தொல்லையும் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்புங்க" என்பார்கள். அவர் கையில் பற்றவைக்கும் கம்பியோடு எழுந்து வந்து போர்டைக் காட்டுவார். "வாசிச்சுப் பாருங்க. தயாரிப்பாளர். இது கடை இல்ல, கம்பெனி." பருப்பு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார். தன் தொழிலைப் பற்றி அவர் அடிக்கடி சொன்னது இது: "டிவி அவங்க வீட்டுது. கரண்டு கவர்மெண்டுது. ஆட்டம் யாரோ வெளிநாட்டுக்காரன் எழுதுனது. பெட்டி மட்டுந்தாம் நம்மது."

தீபாவளி போனஸ் வாரம்தான் அந்தப் பெட்டிகளுக்குப் பருவம். பனியன் கம்பெனிகளில் போனஸ் வாங்கிக்கொண்டு தெற்கே ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் புதுத்துணி, இனிப்பு, அவற்றோடு ஒரு ராக்கெட் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் அந்த வழக்கம் நின்றது. அதே ஆட்கள், அதே பைகள். ஆனால் பைக்குள் சிடி பிளேயர், சட்டைப் பையில் செல்போன். ஒருவர் மட்டும் பழைய பழக்கத்துக்காக நின்று, போனில் பாம்பு ஆட்டத்தைக் காட்டினார். அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிவி எங்க?"

"இதுதான் அண்ணாச்சி டிவி."

"தீப்பெட்டிக்குள்ள கபடி ஆடுத மாதிரில்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தத் தீபாவளிக்குச் செய்த பெட்டிகள் கூரை வரை அடுக்கியே இருந்தன.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில், அண்ணாச்சி வீட்டார் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, மொட்டை மாடியில் 'போர்டு மீட்டிங்' தொடங்கியது. உறுப்பினர்கள் அண்ணாச்சி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அவர் மனைவி ரோஸ்லின் அக்கா, பழனிச்சாமி ஐயா ஆகியோர். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், ஆங்கிலப் பேப்பர் படிப்பேன் என்ற இரண்டு தகுதிகளால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் யோசனை பழனிச்சாமி ஐயாவுடையது. "ஏனுங்க அண்ணாச்சி, நம்மூர்ல நல்ல சரக்குக்கு என்னைக்குங்க மருவாதி இருந்துது? எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்னு ஒரு போர்டு வையுங்க. சனம் அடிச்சுப் புடிச்சுட்டு வரும்." உண்மைதான். வெளிநாடு போக வேண்டிய சட்டை ஒரு தையல் கோணியதால் திரும்பினால், அதை வாங்க நம் ஊரில் வரிசை நிற்கும். அட்டையில் நான்தான் எழுதினேன்: 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டிவி கேம்'. ஷிப்ட் விட்டதும் வாசல் நிறைந்துவிட்டது.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் ஏதோ ஒரு கம்பெனியில் துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கிற பெண். பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். "டேமேஜ் எங்கீங்க இருக்குது?"

"டேமேஜ் ஒண்ணும் கிடையாதும்மா" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

"அப்பறம் எப்படீங்க ரிஜெக்ட் ஆச்சு?"

அண்ணாச்சி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "மறைக்கறாருங்க. உள்ள பெருசா இருக்குமாட்ட இருக்குது." இன்னொருவர், "காட்டீட்டீங்கன்னா ரெண்டா எடுத்துக்கறமுங்க" என்றார்.

ரோஸ்லின் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு கீறலைக் காட்டித் தொலைங்களேன்" என்று கிசுகிசுத்தார். பழனிச்சாமி ஐயா உதவிக்கு வந்தார். "இங்க பாருங்க, ஒரு புள்ளி இருக்குது." எல்லோரும் ஆவலாகக் குனிந்தார்கள். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் அந்தப் புள்ளியைத் துடைத்தார். "அது தூசி" என்றார். பிறகு ஸ்டூலின் மேல் ஏறி நின்றார். "என் பெட்டியில குறை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லப்பிடாது. இது எக்ஸ்போர்ட்டும் இல்ல, ரிஜெக்ட்டும் இல்ல. நான் செஞ்சது!"

"அட, உள்ளூர்ச் சரக்குங்களா" என்று கூட்டம் கலைந்தது. அன்று ரோஸ்லின் அக்கா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "குறை இல்லாததுதாம் உங்க பெட்டிக்குக் குறை."

அடுத்த திருப்பம் கணியூரிலிருந்து வந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு பெட்டியையும் ஓர் உறை போட்டுத்தான் கொடுப்பார். கட்டிங் வேஸ்ட் துணியில் ரோஸ்லின் அக்கா தைத்தது. லேபிள் இல்லாமல் ஒரு துணியை வெளியே விட அக்காவின் கை ஒத்துக்கொள்ளாது. அதனால் கம்பெனியில் மிஞ்சிய சலவை லேபிளை ஓரத்தில் வைத்துத் தைத்துவிடுவார். ஒரு நாள் கணியூர் விவசாயி ஒருவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"லேபிள்ல போட்டிருக்கறபடியேதானுங்க செஞ்சோம். காலேஜ் படிக்கற புள்ள படிச்சுச் சொல்லுச்சுங்க. வெதுவெதுன்னு இருக்கற தண்ணில அலசி, நெழல்ல காயப்போட்டோம்."

"எதை?" என்றார் அண்ணாச்சி.

"பொட்டியத்தானுங்க. உள்பக்கமாத் திருப்பி இஸ்திரி போடோணும்னும் இருந்துதுங்க. எப்படித் திருப்பறதுன்னுதான் தெரியலீங்க. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க."

அண்ணாச்சி பெட்டியைப் பிடுங்கி டிவியில் ஒயரைச் செருகினார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கீழிருந்து ஒரு சின்ன ராக்கெட் மேலே கிளம்பியது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே!" என்றார். கணியூர்க்காரர் மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. "தொவைச்சதுக்கு அப்பறம் சவுண்டு நல்லா இருக்குதுங்க" என்றார். போகும்போது ரோஸ்லின் அக்காவிடம், "பொட்டி ஒண்ணு போதுமுங்க. இந்தச் சட்டைதான் நல்லா இருக்குது. மிக்சிக்கு ஒண்ணு, டிவிக்கு ஒண்ணு தெச்சுக் குடுங்க" என்றார்.

அங்கே தொடங்கியது உறை வியாபாரம். மிக்சி, கிரைண்டர், கம்ப்யூட்டர் என்று ரோஸ்லின் அக்கா தைத்துக்கொண்டே இருந்தார். கம்பெனி வேலையை விட்டார். முன்னறையில் பெட்டிகள் ஒரு மூலைக்கு நகர்ந்தன.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் வணிகப் பக்கத்தை அவருக்குப் படித்துச் சொன்னேன். மிகப் பெரிய வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்றுக்கே பெட்டி விற்பனை வருடத்துக்கு வருடம் சரிந்துகொண்டிருந்தது. இனிமேல் அவர்கள் பெட்டியை நம்பி இருக்கப்போவதில்லை. தங்கள் ஆட்டங்களைப் போட்டிக் கம்பெனிகளின் பெட்டிகளுக்கும் கொடுக்கப்போகிறார்கள். இதை நான் உற்சாகமாகத்தான் சொன்னேன். உலகக் கம்பெனிக்கும் நம் முன்னறைக்கும் ஒரே கஷ்டம் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணாச்சி பேப்பரை எட்டிப் பார்த்தார். பிறகு, "அங்க பெட்டி செஞ்சவங்க என்ன ஆவாவ?" என்று கேட்டார்.

நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து தேடினேன். "அதைப் போடல அண்ணாச்சி."

"போடமாட்டாவ" என்றார்.

ஆனால் உலகம் போகிற வழியில் போவது என்று அவரும் முடிவெடுத்தார். மற்றவர்கள் செய்த பெட்டிகளுக்கும் கேசட் விற்றார். கேசட் வாங்க வருகிறவரிடம், "பெட்டியக் கொண்டாங்க பாப்போம்" என்பார். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் மோசமான பற்றவைப்பைப் பார்த்து மனம் பொறுக்காமல், எல்லாவற்றையும் இலவசமாகச் சரிசெய்து, துடைத்து, மூடிக் கொடுப்பார். போட்டிக் கம்பெனிகளின் பெட்டிகள் நம் தெருவில்தான் நீண்ட ஆயுளோடு இருந்தன.

கடைசியில் ரோஸ்லின் அக்கா போர்டு மீட்டிங்கில் தீர்மானம் கொண்டுவந்தார்: பத்து உறை வாங்கினால் ஒரு பெட்டி இலவசம். அண்ணாச்சி காபியைக் கீழே வைத்தார். "இலவசமா?" என்றார். பிறகு, "இலவசம்னாலும் செஞ்சது நாமதான" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த வாரமே ஒரு கல்யாண வீட்டுக்காரர் பத்து உறை எடுத்தார். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினார். கல்யாண வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. இதுக்குப் பதிலா இன்னொரு உறை குடுத்தீங்கன்னா சவுரியமா இருக்குமுங்க" என்றார்.

போர்டை 'ரோஸ்லின் கவர்ஸ்' என்று மாற்றி எழுதியதும் நான்தான். 'டிவி கேம் தயாரிப்பாளர்' என்ற வரி மட்டும் கீழே இருக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. அதனால் மாதம் ஒரு பெட்டியாவது செய்தார். "மாசம் ஒண்ணு வெளிய வரணும் பிள்ள. இல்லன்னா அந்த வரி பொய்யாப் போவும்." வாங்க ஆள் இல்லாத பெட்டிக்கும் ஓர் ஆட்டம் ஜெயிக்கும் வரை பரீட்சை உண்டு.

அவர் உடல் கோவையிலிருந்து வந்த அன்று தெருக்காரர்கள் பிளெக்ஸ் அடிக்க ஏற்பாடு செய்தார்கள். வாசகம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். பழனிச்சாமி ஐயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிரபல உறை வியாபாரின்னு போட்டுரு கண்ணு" என்றார்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்த ரோஸ்லின் அக்கா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். "உறை நான் தச்சது. அவுக பெட்டி செஞ்சவுக."

"இல்ல அம்மணி, பொட்டி வித்து வருசக்கணக்காச்சேன்னுதான்…"

"விக்கலேன்னா செய்யலேன்னு ஆயிருமா?"

இத்தனை வருடங்களில் அந்தப் பெட்டிகளைப் பற்றி அக்கா நல்ல வார்த்தை சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. நான் 'டிவி கேம் தயாரிப்பாளர்' என்று எழுதினேன். பழனிச்சாமி ஐயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வரட்டும்" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து அக்கா என்னைக் கீழே கூப்பிட்டார். மேஜையில் அந்த மாதத்துப் பெட்டி மூடாமல் இருந்தது. பற்றவைப்பு முடிந்து, ஸ்க்ரூ நான்கும் ஒரு பாட்டில் மூடியில் தயாராக இருந்தன. "மூடுனா முடிஞ்சிட்டு" என்று அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஊசி பிடித்த கை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியவில்லை. மூன்று ஏறின. நான்காவதைக் கோணலாக வைத்து அழுத்தித் திருகியதில் மரை தேய்ந்து, ஸ்க்ரூ நிற்காமல் விழுந்துவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அத்தனை நாட்களுக்குப் பிறகு, சிரித்துவிட்டார். "ஏ பிள்ள மேகலா, கடைசியில ஒரு டேமேஜ் கெடச்சிட்டு பாத்தியா!" என்றார். சிரிப்பு அழுகையாக மாறியபோதும் பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. பிறகு அதற்கு உறை போட்டு, லேபிளை நீவிவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

இப்போது அது என் புத்தக அலமாரியில் இருக்கிறது. ஓர் ஆட்டம் ஜெயித்த பிறகுதான் உள்ளே வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் உறையைக் கழற்றி, பின்புறத்து மூலையில் இருக்கும் அந்தத் துளையையும் காட்டுகிறேன். அது அவர் செய்த குறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.