காலி டிரம்மில் ஓடிய போட் மோட்டார்

அன்றைக்கு என் ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, மோட்டாருக்குச் சொந்தக்காரரான ஸ்டீல் கம்பெனி கான்ட்ராக்டர், அவருடைய மச்சான். வெளியாள் ஒருவர் இருந்திருந்தால் என் பக்கம் பேசியிருப்பாரோ என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஷெட் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நுழைகிற ரோட்டில், எடை மேடைக்குப் பக்கத்தில். பம்ப் செட், ஜெனரேட்டர் பார்க்கிறவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். படகின் பின்பக்கம் மாட்டுகிற அந்த மோட்டார் என்னைவிட வயதில் மூத்தது. கான்ட்ராக்டர் பழவேற்காட்டில் யாரிடமோ வாங்கி வந்தபோது உப்பு அரித்து வெள்ளை பூத்துக் கிடந்தது. ஹெட் போல்ட்டுகளைக் கழற்ற ஒன்பது நாள் டீசல் ஊற்றி ஊற வைத்தேன். அப்படியும் ஒன்று உடைந்தது. அதை நினைத்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முன்பணம் லேத் வேலைக்கே சரியாகிவிட்டது. மீதிச் சாமானுக்கு மனைவியின் இரண்டு வளையல்களையும் அடகு வைத்தேன். மோட்டார் ஓடிய அன்றே கூலி என்று பேச்சு. வளையலை மீட்க மறுநாள் கடைசி நாள். அதற்காகத்தான் அவளும் கேன்டீன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வந்ததிலிருந்து நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஸ்டாண்டு ஆடுது, பெட்ரோல் வாசனை வருது, சட்டையில கிரீஸ் படும், போனைத் தள்ளிப் பிடிங்க. ஒவ்வொன்றையும் மச்சான் என் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினார். என் மனைவியும் சிரித்தாள்.

மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி வைத்திருந்தேன். வீடியோ எடுக்கப் போனை நீட்டிக்கொண்டு கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, விசிறி தண்ணிக்குள்ள கீது? வீடியோல ஒண்ணும் தெரியாதே. தண்ணிய கொட்டு."

"தண்ணி இல்லாம ஓட்டவே கூடாது சார். உள்ள ஒரு ரப்பர் சக்கரம் தண்ணிய இழுத்து மேல அனுப்புது. அதாலதான் இஞ்சின் சூடாவாம ஓடுது. தண்ணி இல்லன்னா ரப்பர் கருகிடும்."

"நைனா, எங்க கம்பெனில எம்மாம் பெரிய ஜெனரேட்டரு ஓடுது. அதுக்கு இன்னா ஏரி வெட்டியா வெச்சிக்கீறோம்?"

"ரப்பர் கருகிடும் சார்," என்று மச்சான் என்னைப் போலவே இழுத்தார். "ஸ்டாண்டு ஆடுது சார். எனக்கு பேஜாரா கீது சார்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"இவரு எல்லாத்துக்கும் இப்பிடித்தான் சார். தூறல் போட்டா ஊடு இடிஞ்சிடும்பாரு," என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். "இழுத்துத் தொலையேன்யா. துட்ட வாங்கிக்கினு போலாம்."

அன்று நான் சொன்ன எல்லாவற்றிலும் இந்தத் தண்ணீர் விஷயம் ஒன்றுதான் நிஜம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லியிருந்தேன். டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டியது நான்தான். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்ததும் நான்தான்.

மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சுத்தமான சத்தம். ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது. உடனே நிறுத்தப் போன என் கையை மச்சான் தட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டினார். கான்ட்ராக்டர் சுற்றிச் சுற்றி வந்து வீடியோ எடுத்தார். ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. அப்புறம் இரும்பு இரும்பைக் கிழிக்கிற மாதிரி ஒரு அலறல். நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன், அசையவில்லை.

கான்ட்ராக்டர் போனைப் பாக்கெட்டில் போட்டார். "இன்னாபா, ஓடலியே?"

"ஓடிச்சே சார். வீடியோலயே கீதே."

"நின்னதும் அதுலதான் கீது."

மச்சான் இந்த முறை என் குரலில் பேசவில்லை. "தெரிஞ்சவன் நீ. தெரியாதவன் சொன்னா இழுத்துடுவியா?"

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் மனைவியும் அதையேதான் கேட்டாள், வெறும் கையைப் பிசைந்துகொண்டே. வளையல்கள் ஏலத்தில் போய்விட்டன. மோட்டாருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஆபீஸ் வாசலில் அலங்காரமாக மாட்டியிருக்கிறார் கான்ட்ராக்டர். பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். கூலி கேட்டு ஏழு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டீ கொடுத்து, அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி அனுப்புகிறார். இன்னும் வர வேண்டியது இருபத்திரண்டாயிரம் ரூபாய்.