சம்பந்தி போட்ட எஸ்டிமேட்

என் தங்கை பூவம்மாளின் புருஷன் பரசுராமன் அதிகம் பேசமாட்டான். ஆனால் நேரம் தவறமாட்டான். திருவொற்றியூரிலிருந்து மூன்று என்ஜினீயர்களை ஏற்றிக்கொண்டு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்குக் காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவது அவன் தொழில். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எத்தனை மைல் நின்றாலும், எந்தச் சந்தில் புகுந்து எங்கே வெளியே வருவது என்று அவனுக்குத் தெரியும். பூவம்மாளின் வளையலையும் அவன் அம்மாவின் கம்மலையும் விற்று வாங்கிய பழைய டீசல் அம்பாசிடர் அது. அந்த வண்டியில்தான் பெண்ணைப் படிக்க வைத்தான், கூரையை மாற்றி ஓடு போட்டான்.

இரண்டாயிரத்து ஒன்று, பொங்கல் கழித்து அந்த வண்டி நீலமாகப் புகை விட ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினான். என்ஜினீயர்களில் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வர ஆரம்பித்தார்.

மெக்கானிக்கைத் தேட வேண்டிய வேலை அவனுக்கு இல்லை. மகள் எழில்மொழிக்கு அந்தத் தை மாதம்தான் பாக்கு வெற்றிலை மாற்றியிருந்தோம். மாப்பிள்ளை அன்புமணி, மாதவரம் பால் பண்ணையில் வேலை. அவன் அப்பா குணசேகரனுக்குத் தண்டையார்பேட்டையில் மெக்கானிக் ஷெட். குணசேகரனின் மனைவி கெங்கம்மா எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் பெரியம்மாவின் ஓரகத்தி மகள். புளியந்தோப்பில் இருந்தபோது பூவம்மாளும் அவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

குணசேகரன் வண்டியை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். நாலு பிஸ்டன் செட், லேத்தில் சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கிற கூலி, பேரிங், கேஸ்கெட், அது இது என்று மொத்தம் பதினைந்தாயிரத்து நானூறு. அதில் அவர் கூலி மட்டும் மூவாயிரம்.

பரசுராமன் வீட்டுக்கு வந்ததும் பூவம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ரூபாய் படிக்க வரும்.

"பாத்தியா அண்ணே? சம்பந்தி வூட்டுக்கே மூவாயிரம் கூலி போட்டுக்கீறாரு! தாலி கட்டறதுக்கு முன்னாலயே இப்டின்னா, கட்டுனப்பறம் நம்ம பொண்ணு கதி இன்னா ஆவும்?"

"வேல செஞ்சா கூலிதானே," என்றான் பரசுராமன். அவன் குரலிலேயே சுரத்தில்லை.

"கூலிய வுடு. மொத்தமும் நெஜமான்னு யாருக்குத் தெரியும்? வண்டில ஏமாத்தறவன் வரதட்சணைல ஏமாத்தமாட்டானா?"

எழில்மொழி குடத்தோடு வாசலுக்கு வந்தவள், இதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்காமலே உள்ளே போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு அன்புமணியைப் பிடித்திருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் வண்டி விலை என்பது வண்டி விலையாக இல்லை.

இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்பீர்கள். அங்கேதான் வம்பு. எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் விலை சொன்ன வண்டிக்கு இன்னொருத்தர் விலை சொல்லமாட்டார். "அவர்கிட்டயே போ" என்று அனுப்பிவிடுவார். அதோடு, சாயங்காலத்துக்குள் முதலில் விலை சொன்னவர் காதுக்குச் சேதியும் போய்விடும். அதனால் வழியிலேயே பரசுராமன் ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தான். நானும் கூடப் போனேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ரஷீது பாய் ஷெட். நேர்மையான ஆள் என்று பெயர்.

"யாருனா பாத்தாங்களா வண்டிய?" என்று முதலில் கேட்டார்.

"யாரும் பாக்கல பாய். விக்கப்போறேன். அதான் புகை நின்னா போதும்," என்றான் பரசுராமன்.

ரஷீது பாய் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அந்தத் துளைமேல் உள்ளங்கையை வைத்தார். குப்குப்பென்று புகை கையை முட்டியது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆறாயிரத்து எண்ணூறு. ரெண்டு நாள்ல எடுத்துக்கோ."

பாதிக்கும் குறைவு! பரசுராமனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவனோ பிடித்த சாவியோடு அப்படியே நின்றான். எனக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. எட்டாயிரத்து அறுநூறு ரூபாய் ஏமாற்றப் பார்த்தவன் வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது?

மறுநாள் காலை பூவம்மாள் முடிவெடுத்துவிட்டாள். பாக்கு வெற்றிலை அன்று அவர்கள் கொடுத்த கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையை ஒரு பையில் போட்டு வண்டியின் பின் சீட்டில் வைத்தாள். முதலில் ரஷீது பாயிடம் அட்வான்ஸ் கொடுத்து நாள் சொல்லிவிட்டு, அப்புறம் தண்டையார்பேட்டைக்குப் போய்ப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. எழில்மொழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேணாம்மா" என்று மட்டும் சொன்னாள். பூவம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள். மூன்று பேரும் கிளம்பினோம்.

பரசுராமன் கொடுத்த பணத்தை எண்ணாமல் கையில் வைத்துக்கொண்டு ரஷீது பாய் கேட்டார்.

"எப்போ விக்கப்போற?"

"பாக்கலாம் பாய்... ஆறு மாசம், ஒரு வருசம்."

"ஒரு வருசமா?" பணத்தைத் திருப்பி நீட்டினார். "இன்னா நைனா வெளையாடறியா? விக்கற வண்டின்னு சொன்னதால பிஸ்டன் ரிங்கு மட்டும் மாத்தறேன்னேன். அது அஞ்சாறு மாசந்தான் நிக்கும். வாங்குறவன்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லி விக்கணும்னு நானே உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீயே வச்சி ஓட்டறதுன்னா இது வேலைக்காவாது."

"வச்சி ஓட்டறதுன்னா எவ்ளோ ஆவும் பாய்?" என்று நானே கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "கீழ பேரிங்கும் சத்தம் போடுது, கேட்டியா? அதையும் மாத்தணும். போர் அடிக்கணும். நாலு பிஸ்டன். என் கூலி மூணரை. எல்லாம் சேந்து பதினாறு ஆவும். அதுக்குக் கம்மியா ஒருத்தன் சொன்னான்னா, சரக்கு நல்லதான்னு மட்டும் பாத்துக்கோ. சரக்கு நல்லதா இருந்தா அவன்கிட்ட போ, என்கிட்ட வராத."

பரசுராமன் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டான். மறைக்க வேண்டும் என்கிற நினைப்பே அவனுக்கு வரவில்லை. ரஷீது பாய் படித்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"குணா கையெழுத்து. கம்பெனி பிஸ்டன் போட்டுக்கீறான். இந்த வெலைக்கு நான் செய்யமாட்டேன்." பிறகு சிரித்தார். "பொய் சொன்னா பொய்யான வெலதான் கெடைக்கும். போங்க, வண்டிய எடுத்துகினு போங்க."

வண்டி தண்டையார்பேட்டைப் பக்கம் திரும்பியது. "அண்ணே, நல்ல வேள, பொடவயக் குடுக்க மொதல்ல போவல," என்றாள் பூவம்மாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தண்டையார்பேட்டையில் கெங்கம்மா வாசலுக்கே ஓடிவந்தாள். பின் சீட்டில் பையிலிருந்து எட்டிப்பார்த்த புடவைமேல் நேராகக் கண் போனது.

"இன்னா பூவு, நாங்க குடுத்த பொடவயத் தூக்கிகினு வந்துக்கீற?"

பூவம்மாள் கண்ணிமைக்கவில்லை.

"ஜாக்கெட் துணிக்குக் கலர் பாக்கத்தான். நீயும் வாயேன், ரெண்டு பேருமா எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்குப் போயிட்டு வரலாம்."

என் தங்கைக்கு இவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்று ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியாது. ஆனால் பரசுராமனுக்குப் பொய்யை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது. சாவியைக் குணசேகரன் கையில் கொடுத்தவன், கூடவே சொல்லிவிட்டான்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. ரஷீது பாய்கிட்ட வெல விசாரிச்சேன். நீங்க சொன்னது நாயந்தான்."

குணசேகரன் பீடியை அணைத்தார்.

"உங்க குடும்பத்தப் பத்தி நான் புளியந்தோப்புல, திருவொத்தியூர்ல, உன் கார் ஸ்டாண்டுல, நீ சாமான் வாங்கற மளிகைக் கடையில, நாலு எடத்துல விசாரிச்சேன் சம்பந்தி. நீ ஒரே எடத்துலதானே விசாரிச்சே? அப்போ நீதான் எனக்கு மூணு பாக்கி."

கெங்கம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். பரசுராமன் கழுத்து வரைக்கும் சிவந்துபோனான். கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை குணசேகரன். பரசுராமனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

எம்.சி. ரோட்டுக்கு இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு, புடவைப் பையோடு வீட்டுக்குப் பஸ் பிடித்தோம். டோல்கேட் தாண்டுவதற்குள் பூவம்மாள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது, எழுப்பாதே என்று கையைக் காட்டி, நானே மூன்று பேருக்கும் வாங்கினேன்.