சீதனக் கார்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், வாடகைக்குக் கார் ஓட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி, நீர்வேலியில் இருந்த வாழைத் தோட்டத்தில் பாதியை விற்றுப் பழைய கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து பயம்தான். ரயர் வெடிக்குமோ, எஞ்சினைக் கிளப்ப முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றும்போது அது திருப்பி அடித்துக் கை முறியுமோ, சந்தியில் நிற்கும் மாட்டுவண்டிக்காரர் ஏதும் செய்வார்களோ என்று. வந்த வினையோ நான் நினைத்தும் பாராத பக்கத்திலிருந்து வந்தது.

வண்டியின் குலுக்கத்துக்குப் பயந்து, பிள்ளைப்பேற்றுக்கு நோவு கண்ட பெண்களை என் காரில்தான் இணுவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தி தப்பாமல் எல்லோருக்கும் பெண்பிள்ளை. சந்தியில் ஒரு வண்டிக்காரர் பெயர் வைத்துவிட்டார்.

“உவன்ரை கார் சீதனக் கார். ஏறேக்கை வாடகை, இறங்கினாப் பிறகு வீடு வளவு குடுக்கோணும்.”

சந்தி முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு பிள்ளைப்பேற்றுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. கலியாண வீட்டுக்காரரும் சகுனம் பார்த்தார்கள். ஓட்டமில்லாமல் நின்ற காரைத் துடைத்துத் துடைத்தே பெயின்ற் போய்விடுமோ என்று அதற்கும் பயந்தேன். விற்றுவிடுவோமா என்று மனைவியிடம் கேட்டேன்.

“ஆர் வாங்குவான்? பொம்பிளைப் பிள்ளை இல்லாத வீடாய்ப் பாத்து வில்லுங்கோ” என்றாள்.

ஒருநாள் காலை பக்கத்து ஊர்ப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்.

“தம்பி, உன்ரைதானே அந்தச் சீதனக் கார்?”

நான் துணியை எடுத்துக் காரைத் துடைக்கத் தொடங்கினேன்.

“கோவியாதை. எனக்கு அஞ்சும் பெடியள். இதாவது பொம்பிளைப் பிள்ளையாய் வேணுமாம், உதிலைதான் போவன் எண்டு மனிசி நோவோடை நிக்கிறா. கெதியா எடு.”

பெண் பிறந்தால் காரின் பெயர் என்றைக்கும் போகாது. ஆண் பிறந்தால் பெயர் போகும். ஆனால் இந்த மனிதர் என்ன சொல்வாரோ. பள்ளம் பள்ளமாக விலத்தி ஓட்டினேன். பின்னால் முனகிக்கொண்டிருந்த அவர் மனைவி, “தம்பி, பள்ளத்தைப் பாத்தது காணும். றோட்டைப் பாத்து ஓடும்” என்றார்.

அவரை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போன பின் கந்தசுவாமி கோயிலுக்கு நடந்தேன். கையைக் கூப்பியபின் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. என் பிழைப்பைக் கேட்டால் அந்தத் தாயின் ஆசை போகும். ஒன்றும் கேளாமல் திரும்பிவிட்டேன்.

மத்தியானம் தோட்டக்காரர் வெளியே வந்தார்.

“பெடியன்தான். தாயும் பிள்ளையும் சுகம். உன்ரை காரும் பொய் சொல்லிப்போட்டுது.”

என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்துகொண்டேன்.

சந்தியில் இறங்கியதும் அவரே, பெயர் வைத்த வண்டிக்காரரிடம் சொன்னார்: “ஆறாவதும் பெடியன். இனி உந்தப் பெயரை விடுங்கோ.”

“ஏன் அண்ணை விடுவான்? ஆறு சீதனம் உங்கடை வீட்டுக்கல்லோ வரப்போகுது.”

தோட்டக்காரரும் சிரித்துவிட்டார். அன்று பின்னேரமே ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளைப்பேறாம், சீதனக் கார்தான் வேண்டுமாம். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அவர்கள் வரும் சீதனத்தை நினைத்தா, கொடுக்கும் சீதனத்தை நினைத்தா கேட்கிறார்கள் என்று கேட்கத் துணிவு வரவில்லை. அந்த மாதம் முழுவதும் எனக்கு நித்திரையில்லை.