நெல்பா தேர்ந்தெடுத்த கருவி

நெல்பா எச்சேபார்னெ கெட்டவள் இல்லை. உருகுவேயின் மொண்டெவிடியோவில், மருத்துவமனை நடத்தும் ஒரு மருத்துவச் சங்கத்தின் கணினிப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். அத்தனை வருடத்தில் கெடுத்தது ஒரே ஒருவர் குடியைத்தான். அதுவும் தன்னை நம்பியவரின் குடியை.

இரண்டாயிரத்து மூன்றில் நோயாளிப் பதிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஜாவா என்ற கணினி மொழியில் புதிதாக எழுதி இணையத்தில் ஏற்றுவது என்று சங்கம் முடிவு செய்தது. எந்தக் கருவியை வைத்து எழுதுவது என்று பரிந்துரைக்கும் பொறுப்பு நெல்பாவின் தலையில் விழுந்தது. போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று இலவசம், ஒவ்வொரு வரியையும் ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும். மற்றது விலை உயர்ந்தது. திரையில் பெட்டி வரைந்து அம்பு போட்டால் நிரலை அதுவே எழுதித் தள்ளிவிடும். விற்க வந்தவன் இருபது நிமிடத்தில் முழுப் பக்கம் ஒன்றைச் செய்து காட்டினான். இயக்குநர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பக்கத்து மேசை வில்மார் ஒலிவேரா மட்டும் மாத்தே என்ற கசப்புத் தேநீரை உறிஞ்சியபடி முகத்தைச் சுளித்தார்.

"அது எழுதுறதைப் படிக்க ஆள் வேணுமே நெல்பா. நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா வித்தவனா வந்து ஒட்டுவான்?"

"மேல இருக்கறவங்களுக்குப் புடிச்சுப் போச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"வேண்டாம்னு எழுது. அதுக்குத்தானே உன்னை உக்கார வெச்சிருக்காங்க."

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே பதினோரு பக்க அறிக்கை எழுதி, விலை உயர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. அது எழுதிய நிரலில் நாம் கை வைத்தால், அடுத்த முறை படத்தை மாற்றும்போது நம் எழுத்தைத் துடைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு மறுபடி எழுதும். கை வைக்கக் கூடாது என்று விதியே இருந்தது; கை வைக்காமலும் முடியாது. டாக்டர்கள் கேட்டதில் பாதி அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கவில்லை. அதனால் ஒரு வழக்கம் வந்தது. கையால் சேர்த்த முப்பத்து நான்கு திருத்தங்களையும், எழுதியவர் பெயரோடு ஒரு கோப்பில் வைத்திருப்பார்கள். கருவி துடைத்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப ஒட்டுவார்கள். கூத்துதான். ஆனால் மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது.

கார்னிவல் விடுமுறைக்கு வில்மார் ஊருக்குப் போயிருந்தார். திரையில் ஒரு பொத்தானை உடனே இடம் மாற்றச் சொன்னார்கள் இயக்குநர்கள். நெல்பா படத்தை மாற்றினாள், திருத்தங்களை ஒட்டினாள். முப்பத்து மூன்றைத்தான் ஒட்டினாள். ஒவ்வாமை உள்ளவருக்குப் பெனிசிலின் எழுதினால் திரையைச் சிவப்பாக்கி நிறுத்துகிற திருத்தம் விட்டுப்போனது. அது வில்மார் எழுதியது.

இரண்டு நாள் கழித்து, மிர்த்தா சோசா என்ற நாற்பத்தொரு வயதுப் பள்ளி ஆசிரியை தொண்டை வலி என்று வந்தாள். பெனிசிலின் ஊசி போட்ட நாற்காலியிலேயே உயிர் போனது. தப்பாக எழுதினால் திரை சிவக்கும் என்று நம்பிப் பழகிப்போன டாக்டர் அவளிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

விசாரணையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கருவி எழுதிய இடத்தில் விதியை மீறிக் கை வைத்தது யார்? விட்டுப்போன திருத்தத்தின் தலைப்பில் வில்மாரின் பெயர் இருந்தது. ஓய்வு பெற மூன்று வருடம் இருந்த மனிதர். இப்போது வேலை போனால் ஐம்பத்தேழு வயதில் அவரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

"ஒட்ட மறந்தது நான்தான் வில்மார். நானே போய்ச் சொல்லிடறேன்," என்றாள் நெல்பா.

போனாள், சொன்னாள். அதுவரைக்கும் குறை சொல்ல முடியாது. பிரிவுத் தலைவரான இன்ஜினியர் பென்தான்கூர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க மறந்தீங்கன்னா, ஏன் மறக்கற மாதிரி வேலைன்னு கேப்பாங்க. கருவி பேர் அடிபடும். அதை யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு வரும். உங்க கையெழுத்து, அதுக்குக் கீழ எங்க கையெழுத்து. வில்மார் விதியை மீறினார்ன்னா ஒரு ஆளோட முடிஞ்சிடும்."

"அவர் மேல தப்பே இல்லையே, இன்ஜினியரே."

"நான் இருக்குன்னு சொல்லலையே. இப்ப சொன்னதை எழுதித் தரப்போறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

காகிதம் மேசை மேல்தான் இருந்தது. வில்மாரின் முகம் அவள் நினைவுக்கு வந்தது; அந்த ஆசிரியையும் வந்தாள். தன் பதினெட்டு வருடமும் வந்தது. அதுதான் ஜெயித்தது. வெட்கக்கேடு என்று தெரிந்துகொண்டே, "இல்லை," என்றாள்.

வெள்ளிக்கிழமை வில்மார் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார்.

"போய்ச் சொன்னியா?"

"சொன்னேன்."

"கேக்கலையா அவங்க?"

"கேக்கல."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து, அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் முத்தமிட்டார்.

"போகட்டும் விடு. நீயாவது எனக்காக வாயைத் திறந்தியே. அது போதும்."

லிஃப்ட் வரை அந்தப் பெட்டியை நெல்பாதான் தூக்கிக்கொண்டு போனாள்.