ஒத்த பட்டன்

என் நண்பன் சேவியரின் அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். பள்ளி நாள்களில் ராஜபாளையத்து வீடியோ கேம் கடையில், ஒரே மெஷின் முன்னால் தோளை இடித்துக்கொண்டு சண்டை விளையாட்டு ஆடியவர்கள் நாங்கள்.

கல்லூரியில் படிக்கும் அவன் மகள் ஜெனிட்டா, "ஒரு ஆட்டம் போடுவோமா மாமா? அப்பா ஒங்க ஆட்டத்தப் பத்தியே பேசுவாரு" என்று டிவியைப் போட்டு, விளையாட்டுக் கருவி ஒன்றை என் கையில் தந்தாள். அதே சண்டை விளையாட்டுதான், புதுசாக வந்த பதிப்பு.

தொடர்ந்து தோற்றேன். பிறகுதான் கவனித்தேன். கருவியிலிருந்த குச்சியைக் கீழே இழுத்து, முன்னே தள்ளி, குத்து பட்டனை அடித்தால்தான் திரையில் என் ஆளிடமிருந்து நெருப்புப் பந்து கிளம்பியது. அவளோ ஒரே பட்டனைத் தட்டினாள், வந்துவிட்டது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இதெல்லாம் ஒரு ஆட்டமா தாயி? எங்க காலத்துல இப்படி ஆடுனா கடைய விட்டே வெரட்டிருப்போம். ஒங்கப்பன் பாத்தா சிரிப்பான்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா வச்ச செட்டிங்தான் மாமா இது. கை நடுங்க ஆரம்பிச்ச பொறவு அவரால குச்சியத் தள்ள முடியல. இந்த ஒத்த பட்டன்ல நல்லாப் பழகிட்டு ஒங்கள ஆடக் கூப்பிடணும்னு சொன்னாரு. பொறவு, வேணாம், அவன் கேலி பண்ணுவான்னு விட்டுட்டாரு."

கை நடுங்கியதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரம்; நானும் வந்து பார்த்ததில்லை.

என் பக்கத்தையும் ஒத்த பட்டனுக்கு மாற்றச் சொல்லி இன்னொரு ஆட்டம் ஆடினேன். அதிலும் தோற்றேன். மகளுக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒரு தடவை நான் வந்திருந்தால், அவனும் என்னை ஜெயித்திருப்பான்.